நியூஹாம் கவுன்சில் தேர்தல்கள், 1964–2022: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிழக்கு லண்டனில் லீ ஆற்றுக்கும் ரோடிங் ஆற்றுக்கும் நடுவே, தெற்கே தேம்ஸ் நதியை எல்லையாகக் கொண்டது நியூஹாம் பரோ (லண்டனின் உள்ளாட்சிப் பகுதிகளைப் 'பரோ' என்பார்கள்). ஈஸ்ட் ஹாம், மேனர் பார்க் பக்கம் தமிழர்கள் நெருக்கமாக வாழ்வதால், அதன் கவுன்சில் தேர்தலைப் பற்றித் தமிழில் கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. "எப்போதும் லேபர்தானே, இதில் வரலாறு என்ன இருக்கிறது?" என்பதே அவற்றில் அதிகம் வருவது. வென்ற இடங்களை மட்டும் எண்ணினால் அப்படித்தான் தெரியும். விழுந்த வாக்குகளையும் வார்டு எல்லைகளையும் தேர்தல் விதிகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த ஊரின் அரசியல் கண்ணில் படும்.

நியூஹாம் எதிலிருந்து உருவானது?

1963-ஆம் ஆண்டின் லண்டன் அரசாங்கச் சட்டம் 32 லண்டன் பரோக்களை உருவாக்கியது. அதுவரை தனித்தனிக் கவுண்டி பரோக்களாக, அதாவது மாவட்ட நிர்வாகத்துக்கு உட்படாத நகராட்சிகளாக, இருந்த வெஸ்ட் ஹாமும் ஈஸ்ட் ஹாமும் அந்தச் சட்டப்படி ஒன்றாயின. தேம்ஸின் வடகரையில் இருந்தும் நிர்வாகத்தில் தென்கரை ஊலிச்சோடு ஒட்டியிருந்த நார்த் ஊலிச்சும், பார்க்கிங்கில் ரோடிங் ஆற்றுக்கு மேற்கே கிடந்த சிறு துண்டும் இவற்றோடு சேர்ந்தன.

இதில் இரண்டு தேதிகளைக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. முதல் தேர்தல் நடந்தது 1964 மே 7 அன்று. பரோ அதிகாரபூர்வமாகப் பிறந்தது 1965 ஏப்ரல் 1 அன்று. இடைப்பட்ட பதினோரு மாதங்களும் புதிய கவுன்சில் பொறுப்பேற்கத் தயாராகிக்கொண்டிருந்தது. பழைய இரண்டு கவுன்சில்களே ஊரை நடத்தின. அந்த மாதங்களைச் சேர்ந்த ஒரு தீர்மானத்தைத் தேடுபவர்கள் மூன்று கவுன்சில்களின் குறிப்பேடுகளையும் புரட்டிப் பார்க்க வேண்டும்.

அதற்கு முன்னால் இங்கே தேர்தல் அரசியல் எப்படி இருந்தது?

இங்கிலாந்தின் தொழிலாளர் அரசியல் வரலாற்றிலேயே முன்வரிசையில் வைக்க வேண்டிய ஊர் இது. வெஸ்ட் ஹாம் 1886-ல் நகராட்சி பரோவாகவும் 1889-ல் கவுண்டி பரோவாகவும் ஆனது. கப்பல்துறைகள், எரிவாயு ஆலை, ரசாயனத் தொழிற்சாலைகள், ரயில் பட்டறை எல்லாம் நிறைந்த ஊர். லண்டன் கவுண்டியின் எல்லைக்கு வெளியே, எசெக்ஸ் பக்கம் இருந்தது. எரிவாயுத் தொழிலாளர் சங்கத் தலைவர் வில் தோர்ன் 1891-ல் இங்கே கவுன்சிலரானார். 1892-ல் தொழிலாளர் தலைவர் கீர் ஹார்டி வெஸ்ட் ஹாம் சவுத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் போனார்.

1898 நவம்பர் தேர்தலுக்குப் பின் சோஷலிஸ்டுகளும் தொழிற்சங்கத்தினரும் அவர்களோடு ஒத்துப்போனவர்களும் சேர்ந்த தொழிலாளர் அணி வெஸ்ட் ஹாம் கவுன்சிலில் பெரும்பான்மை பெற்றது. தொழிலாளர் அணி ஒன்று ஓர் ஆங்கில நகராட்சியைக் கைப்பற்றியது அதுவே முதல் தடவை. லேபர் கட்சி என்ற ஒன்று தோன்றுவதற்கு ஓராண்டுக்கும் மேல் முன்பே இது நடந்துவிட்டது! ஆனால் அது நீடிக்கவில்லை. எதிர்த்தரப்பு 'முனிசிபல் அலையன்ஸ்' என்ற பெயரில் ஒன்றுதிரண்டது. தொழிலாளர் அணியின் பெரும்பான்மை ஓராண்டிலேயே போயிற்று.

இவ்வளவு சீக்கிரம் ஆட்சி கைமாறியதற்கு அன்றைய தேர்தல் முறையும் ஒரு காரணம். கவுன்சிலருக்குப் பதவிக்காலம் மூன்று ஆண்டு. ஆண்டுதோறும் மூன்றில் ஒரு பங்கினர் விலக, அந்த இடங்களுக்கு மட்டும் நவம்பர் 1 அன்று தேர்தல். ஆகவே மெல்லிய பெரும்பான்மையோடு இருந்த அணி ஒவ்வொரு நவம்பரிலும் கத்தி முனையில் நின்றது. இந்த நவம்பர் வழக்கம் 1949-ல்தான் மே மாதத்துக்கு மாறியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தேர்தலே நடக்கவில்லை. போருக்குப் பிந்தைய முதல் தேர்தல் 1945 நவம்பரில் வந்தது.

ஈஸ்ட் ஹாம் 1904-ல் பரோவாகி, 1915-ல் கவுண்டி பரோ தகுதி பெற்றது.

பழைய செய்தித்தாள்களில் 'போர்டு ஆஃப் கார்டியன்ஸ்' தேர்தல் முடிவுகளும் இருக்கும். அது ஏழைகளுக்கு உதவித்தொகை வழங்கிய தனி அமைப்பு, கவுன்சில் அல்ல. 1926-ல் அரசாங்கம் வெஸ்ட் ஹாம் கார்டியன்ஸைப் பதவியிலிருந்து அகற்றித் தன் ஆட்களை அமர்த்தியது. கவுன்சிலையே கலைத்துவிட்டதாக இதை எழுதிவிடுபவர்கள் உண்டு. அது தவறு.

அப்போது யாருக்கெல்லாம் வாக்கு இருந்தது?

எல்லோருக்கும் இல்லை. உள்ளாட்சி வாக்குரிமை நீண்டகாலம் வீட்டையோ கடையையோ தம் பெயரில் வைத்திருந்து உள்ளூர் வரி கட்டியவர்களோடு கட்டப்பட்டிருந்தது. பிறர் வீட்டில் ஓர் அறையில் குடியிருந்தவருக்கு வாக்கில்லை. இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குள்ள பலர் கவுன்சில் தேர்தலில் வாக்கற்றவர்களாக இருந்தார்கள். 1945-ல் வந்த சட்டம்தான் நாடாளுமன்ற வாக்காளர் அனைவரையும் உள்ளாட்சிப் பட்டியலிலும் சேர்த்தது.

பெண்களுக்கு இங்கே கொஞ்சம் முன்னதாகவே கதவு திறந்தது. வரி செலுத்திய மணமாகாத பெண்களும் கைம்பெண்களும் 1869 முதலே நகராட்சித் தேர்தலில் வாக்களித்தார்கள். பரோ கவுன்சிலில் போட்டியிடும் உரிமை 1907-ல் வந்தது. வெஸ்ட் ஹாமின் முதல் பெண் மேயராக டெய்சி பார்சன்ஸ் 1936-ல் பதவியேற்றார்.

ஆகவே 1945-க்கு முந்தைய வாக்கு எண்ணிக்கையை பிந்தைய எண்ணிக்கையோடு ஒப்பிட்டு 'ஆதரவு பெருகிவிட்டது' என்று சொல்லக் கூடாது; பெருகியது பெரும்பாலும் வாக்காளர் பட்டியல்தான்.

தேர்தல் ஆண்டுகளின் இடைவெளி ஏன் ஒழுங்காக இல்லை?

1964 மே 7, 1968 மே 9, 1971 மே 13, 1974 மே 2, 1978 மே 4. அதன்பின் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை: 1982, 1986, 1990 என்று 2022 மே 5 வரை தடையில்லாமல் வருகிறது.

முதலில் வகுக்கப்பட்டது மூன்றாண்டுச் சுழற்சி. அதன்படி இரண்டாவது தேர்தல் 1967-ல் வந்திருக்க வேண்டும். அதே ஆண்டில் பெருநகர லண்டன் கவுன்சிலுக்கும் தேர்தல் வந்ததால், பரோ தேர்தல்களைத் தனிச் சட்டம் போட்டு ஓராண்டு தள்ளிவைத்தார்கள். 1974-க்குப் பிறகு சுழற்சியே நான்காண்டாயிற்று. லண்டன் பரோக்களில் எல்லா இடங்களுக்கும் ஒரே நாளில் தேர்தல். பழைய கவுண்டி பரோ போல மூன்றில் ஒரு பங்கு முறை இல்லை.

பழைய பட்டியல்களில் 70 பேர் இருக்கிறார்களே, கவுன்சிலர்கள் 60 பேர்தானே?

மீதி 10 பேர் ஆல்டர்மன்கள். அவர்களை மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை, கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். கவுன்சிலர் எண்ணிக்கையில் ஆறில் ஒரு பங்கு என்பது கணக்கு. ஒவ்வொரு கவுன்சில் பொதுத்தேர்தலுக்குப் பின்னும் பாதிப் பேர் மட்டும் மாறுவார்கள். மக்கள் ஒரு கட்சியைத் தோற்கடித்தாலும், அது முன்பு அமர்த்திய ஆல்டர்மன்களில் பாதிப் பேர் அவையில் தொடர்வார்கள், வாக்கும் போடுவார்கள். லண்டன் பரோக்களில் இந்தப் பதவி 1978-ல் ஒழிந்தது. 1978-க்கு முந்தைய எந்த 'பெரும்பான்மை'க் கணக்கையும் சரிபார்க்கும்போது, அது கவுன்சிலர்களை மட்டும் எண்ணியதா, ஆல்டர்மன்களையும் சேர்த்ததா என்று முதலில் பாருங்கள்.

1968-ல் லேபர் பெரும்பான்மையை இழந்ததற்கு ரோனன் பாயின்ட் விபத்துதான் காரணமா?

இல்லை. நாட்காட்டியைப் பார்த்தாலே போதும். தேர்தல் 1968 மே 9. கேனிங் டவுனில் ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிக் குடியிருப்பின் ஒரு மூலை எரிவாயு வெடிப்பில் சீட்டுக்கட்டுபோலச் சரிந்தது 1968 மே 16. வாக்களித்து ஒரு வாரம் கழித்து நடந்தது வாக்குக்குக் காரணமாக முடியாது. இருந்தும் இந்தத் தவறு திரும்பத் திரும்ப எழுதப்படுகிறது. இரண்டும் ஒரே மாதத்தில், ஒரே ஊரில் நடந்ததால் நினைவில் ஒட்டிக்கொண்டுவிட்டன.

உண்மைக் காரணம் நாடு தழுவியது. 1967 நவம்பரில் பவுண்டின் மதிப்பைக் குறைத்த லேபர் பிரதமர் ஹரால்ட் வில்சன் அரசின் மேல் மக்களுக்குக் கடுங்கோபம். அந்த மே மாதம் லண்டனின் 32 பரோக்களில் 28 கன்சர்வேட்டிவ் கட்சியிடம் போயின. லேபர் தக்கவைத்தவை பார்க்கிங், சதக், டவர் ஹாம்லெட்ஸ் ஆகிய மூன்று மட்டுமே. நியூஹாமில் யாருக்கும் அறுதிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. 1964 முதல் 2022 வரை நடந்த கவுன்சில் பொதுத்தேர்தல்களில் லேபர் பெரும்பான்மை பெறாதது அந்த ஒரே தடவைதான். 1971-ல் மீண்டும் பிடித்தது.

அந்த 1971 தேர்தலில் வேறு இரண்டு மாற்றங்களும் சேர்ந்துகொண்டன. 18 வயதானவர்கள் பரோ தேர்தலில் வாக்களித்தது அப்போதுதான் முதல் தடவை. வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயரோடு கட்சியின் பெயரும் வந்தது. அதற்கு முன்பு சீட்டில் கட்சி கிடையாது. எந்தப் பெயர் எந்தக் கட்சி என்பதை வாக்காளர் தெரிந்துகொண்டு போக வேண்டும். மூன்று இடங்களுக்குப் பத்துப் பெயர்கள் நிற்கும் வார்டில் இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று எண்ணிப் பாருங்கள். கட்சிச் சின்னம் சீட்டில் வந்தது 1998-ல் கட்சிப் பதிவுச் சட்டம் வந்த பிறகு.

அறுபதுக்கு அறுபது எப்படிச் சாத்தியம்? முறைகேடா?

முறைகேடு வேண்டாம், விதியே போதும். லேபர் 1998-லும், பிறகு 2010, 2014, 2018 என்று தொடர்ந்து மூன்று தடவையும் 60 இடங்களையும் அள்ளியது. ஊரில் எல்லோரும் லேபருக்கு வாக்களித்தார்கள் என்று இதற்குப் பொருளில்லை.

2002 முதல் 2018 வரையான தேர்தல்களில் 20 வார்டுகள். வார்டுக்கு மூன்று கவுன்சிலர்கள். ஒவ்வொரு வாக்காளருக்கும் மூன்று வாக்கு. அதிக வாக்கு பெற்ற மூவர் வெற்றி. ஒரு வார்டில் 4,000 பேர் வாக்களித்ததாக வைத்துக்கொள்வோம். (இது விளக்கத்துக்கான கற்பனைக் கணக்கு.) முதல் கட்சிக்கு 2,200 பேர், இரண்டாம் கட்சிக்கு 1,200 பேர், மூன்றாம் கட்சிக்கு 600 பேர். ஒவ்வொருவரும் தம் மூன்று வாக்கையும் தம் கட்சியின் மூவருக்கே போட்டால், முதல் கட்சியின் மூவருக்கும் தலா 2,200. இரண்டாம் கட்சியின் மூவருக்கும் தலா 1,200. மூன்று இடமும் முதல் கட்சிக்கு. 55 விழுக்காடு ஆதரவுக்கு நூறு விழுக்காடு இடங்கள். ஊர் முழுதும் ஆதரவு ஒரே சீராகப் பரவியிருந்தால் இருபது வார்டிலும் இதே முடிவு வரும். 40, 35, 25 என்று பிரிந்தாலும் முடிவு மாறாது!

ஸ்காட்லாந்தில் 2007 முதல் கவுன்சில் தேர்தலில் விருப்ப வரிசை எண் போடும் முறை இருக்கிறது. மேலே சொன்ன அதே 4,000 சீட்டுகளை அந்த முறையில் எண்ணினால், வெற்றிக்கு வேண்டிய அளவு 1,001. முதல் கட்சியின் 2,200 வாக்கில் இரண்டு பேர் வெல்வார்கள். இரண்டாம் கட்சியின் 1,200-ல் ஒருவர். ஆக 3–0 என்பது 2–1 ஆகிவிடும். வாக்காளர் மனம் மாறவில்லை. எண்ணும் விதி மட்டும் மாறியது.

எதிர்க்கட்சி வரிசையில் ஒருவர்கூட இல்லாத அவை ஊருக்கு நல்லதில்லை என்பது எங்கள் உறுதியான கருத்து. வரவுசெலவைக் கேள்வி கேட்க வேண்டிய ஆய்வுக் குழுவிலும் ஆளுங்கட்சிக்காரர்களே உட்கார வேண்டியிருக்கிறது. உண்மையான போட்டி கட்சிக்குள் போய்விடுகிறது. 2018-ல் பதினாறு ஆண்டு மேயராக இருந்த சர் ராபின் வேல்ஸ் பதவி இழந்தது மே மாத வாக்குச்சாவடியில் அல்ல. அதற்கு முன் நடந்த லேபர் உட்கட்சித் தேர்வில், ரொக்ஸானா ஃபியாஸிடம். கட்சி உறுப்பினர் அல்லாத வாக்காளர்களுக்கு அதில் பங்கில்லை.

அப்படியானால் சிறு கட்சிகள் வென்றதே இல்லையா?

வென்றிருக்கின்றன, ஆனால் ஆதரவு ஓரிடத்தில் திரண்டிருந்தபோது மட்டும். 2002-ல் லேபர் 59. மீதி ஓர் இடம் கேனிங் டவுன் சவுத் வார்டில் கிறிஸ்டியன் பீப்பிள்ஸ் அலையன்ஸ் கட்சியின் ஆலன் கிரெய்குக்கு. 2006-ல் அந்தக் கட்சி 3 இடம் பெற்றது. ஈராக் போரை எதிர்த்துப் பிறந்த ரெஸ்பெக்ட் கட்சி கிரீன் ஸ்ட்ரீட் வெஸ்ட் வார்டில் 3 இடம். லேபர் 54. 2010-ல் இந்த ஆறும் போயின. அன்று நாடாளுமன்றப் பொதுத்தேர்தலும் சேர்ந்து நடந்ததால், கவுன்சில் தேர்தலுக்கென்று தனியாக வராதவர்களும் பெருந்திரளாக வந்தார்கள்; வந்தவர்கள் பெரிய கட்சிகளுக்குப் போட்டார்கள். வீடு வீடாகப் போய் வாக்குச் சேர்க்கும் சிறு கட்சிக்கு இப்படிப்பட்ட நாள் கண்டம்.

இதன் மறுபக்கமும் உண்டு. கணிசமான வாக்கு வாங்கியும் இடமே பெறாத கட்சிகளை இந்த முறை பட்டியலிலிருந்து மறைத்துவிடும். 1974 மே 23 அன்று நியூஹாம் சவுத் நாடாளுமன்ற இடைத்தேர்தலில், இனவெறிக் கட்சியான நேஷனல் ஃபிரன்ட் கன்சர்வேட்டிவ் கட்சியைப் பின்னுக்குத் தள்ளி மூன்றாம் இடம் வந்தது. வென்ற இடங்களின் பட்டியலை மட்டும் வைத்து எழுபதுகளின் வரலாற்றை எழுதினால், புலம்பெயர்ந்து வந்த குடும்பங்கள் அன்று எதற்கு அஞ்சினார்கள் என்பதே விட்டுப்போகும்.

மூவர் வார்டில் கட்சியின் வாக்கு விழுக்காட்டை எப்படிக் கணக்கிடுவது?

பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். மறுபடியும் ஒரு கற்பனை வார்டு: வாக்காளர் 10,000, வந்த சீட்டு 4,000. லேபர் மூவர் 2,100, 2,000, 1,900. கன்சர்வேட்டிவ் மூவர் 1,100, 1,000, 900. கிரீன் கட்சி ஒருவரை மட்டும் நிறுத்தி 1,000.

எல்லா வாக்குகளையும் கூட்டினால் 10,000. அதன்படி லேபர் 60%, கன்சர்வேட்டிவ் 30%, கிரீன் 10%. ஒவ்வொரு கட்சியிலும் அதிக வாக்கு பெற்றவரை மட்டும் எடுத்தால் மொத்தம் 4,200. லேபர் 50%, கன்சர்வேட்டிவ் 26.2%, கிரீன் 23.8%. சராசரி எடுத்தால் 50, 25, 25. ஒரே சீட்டுகள், ஆனால் கிரீன் கட்சி 10% ஆகவும் இருக்கலாம், 25% ஆகவும் இருக்கலாம். முழு அணி நிறுத்தாத கட்சிகளைக் கூட்டல் முறை நசுக்கிவிடும் என்பதால், வார்டு அளவில் 'முதல் வேட்பாளர்' முறையே நியாயமானது என்பது எங்கள் முடிவு. எந்த முறையானாலும் இரண்டு தேர்தலை ஒப்பிடும்போது இரண்டுக்கும் ஒரே முறையை வைத்துக்கொள்ளுங்கள்.

வாக்குப்பதிவு விழுக்காட்டில் இன்னொரு குழி. சீட்டுகளை வாக்காளர் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும்: 4,000-ஐ 10,000-ஆல் வகுத்தால் 40%. வேட்பாளர்களின் வாக்குகளைக் கூட்டி வகுத்தால் இந்த வார்டில் 100% என்று வரும். கூட்டுத்தொகையை மூன்றால் வகுப்பதும் சரியல்ல. ஒன்றோ இரண்டோ வாக்கு மட்டும் போட்டுவிட்டுப் போகிறவர்கள் நிறைய; அதனால் உண்மையைவிடக் குறைவாக வரும். மேலே உள்ள வார்டில் அப்படிச் செய்தால் 33% தான் கிடைக்கும்.

எண்ணும் இடத்தில் என்ன நடக்கிறது?

முதலில் சரிபார்ப்பு: ஒவ்வொரு பெட்டியிலும் உள்ள சீட்டுகளின் எண்ணிக்கை, வாக்குச்சாவடி அலுவலர் எழுதிக்கொடுத்த கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு ஒரே கட்சியின் மூவருக்கும் போட்ட சீட்டுகளைத் தனிக் கட்டாகக் கட்டுவார்கள். இவை விரைவாக முடியும். இரண்டு கட்சிகளுக்குப் பிரித்துப் போட்டவை, ஒரே ஒருவருக்குப் போட்டவை எல்லாம் கலப்புச் சீட்டுகள். இவற்றை ஒவ்வொன்றாக வாசித்துக் கட்டம் போட்ட தாளில் கோடு கிழித்து எண்ண வேண்டும். நேரம் பிடிப்பதும் பிழை நுழைவதும் இங்கேதான். மூன்றாம், நான்காம் இடங்களுக்கு இடையே வேறுபாடு சிறிதானால் மறு எண்ணிக்கை கேட்பார்கள். சரிசமமாக நின்றால் தேர்தல் அலுவலர் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்.

மூவர் வார்டில் நான்கு பேருக்குக் குறியிட்டால் சீட்டு முழுதும் செல்லாது. மூன்றுக்குக் குறைவாகப் போட்டால் செல்லும்.

ஒரே கட்சியின் மூவருக்கும் வாக்கு ஏன் சமமாக விழுவதில்லை?

சீட்டில் பெயர்கள் குடும்பப் பெயரின் ஆங்கில அகரவரிசையில் அடுக்கப்படுகின்றன. மூன்று குறி போட வேண்டியவர் மேலிருந்து கீழே வரும்போது, தன் கட்சியின் முதல் பெயரைப் பிடித்துவிடுகிறார், மூன்றாவதைத் தவறவிடுகிறார். ஆகவே 'ஏ', 'பி' எழுத்துக்காரர்கள் முந்துவதும் 'எஸ்', 'வி' எழுத்துக்காரர்கள் பின்தங்குவதும் பலமுறை பார்க்கக்கூடியவை. சிவ, சுப்பிர, வேலு என்று தொடங்கும் நம் பெயர்கள் பெரும்பாலும் சீட்டின் அடியில்தான் வரும். வேட்பாளரின் தனிப்பட்ட செல்வாக்கு, சமூகத் தொடர்பு, பெயரைப் பார்த்தே ஒதுக்கும் பாகுபாடு ஆகியவையும் இதோடு கலந்திருக்கும். ஒருவர் நூறு வாக்கு குறைவாகப் பெற்றதற்கு இவற்றில் எது காரணம் என்று ஒரே ஒரு தேர்தலை வைத்துச் சொல்ல முடியாது. பல வார்டுகளை அடுக்கிப் பார்க்க வேண்டும்.

நேரடி மேயர் எப்போது வந்தார்? பழைய மேயருக்கும் இவருக்கும் என்ன வேறுபாடு?

பழைய மேயர் சடங்குப் பதவி: கழுத்தில் பொன் சங்கிலி, அவைத் தலைமை, ஓராண்டு. 2002 ஜனவரி 31 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் நேரடி மேயர் முறைக்கு ஆதரவு கிடைத்தது. அதே ஆண்டு மே 2 அன்று ராபின் வேல்ஸ் முதல் நிர்வாக மேயரானார். வரவுசெலவுத் திட்டத்தை முன்வைப்பது, அமைச்சரவை போன்ற குழுவை அமர்த்துவது எல்லாம் இவர் கையில். அவர் 2006, 2010, 2014 தேர்தல்களிலும் வென்றார். 2018-லும் 2022-லும் ரொக்ஸானா ஃபியாஸ். நடுவே 2021 மே 6 அன்று இன்னொரு பொதுவாக்கெடுப்பு: மேயர் முறை தொடரட்டுமா, கவுன்சிலர் குழுக்களே முடிவெடுக்கும் முறைக்குத் திரும்பலாமா? மேயர் முறையே வென்றது.

2022 வரை மேயர் தேர்தலில் முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று இரண்டு நிரல்கள் இருந்தன. யாரும் பாதியைத் தாண்டாவிட்டால் முதல் இருவரை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவர்களின் சீட்டுகளில் உள்ள இரண்டாம் விருப்பங்களைச் சேர்ப்பார்கள். 2006-ல் அப்படித்தான் இரண்டாம் சுற்றுவரை போக வேண்டியிருந்தது. முதல் நிரலிலேயே இரண்டு குறி போட்டு வாக்கைப் பாழாக்கியவர்கள் ஏராளம். 2022-ஆம் ஆண்டின் தேர்தல் சட்டம் இந்த முறையை எடுத்துவிட்டு, 2023 மே முதல் அதிக வாக்கு பெற்றவருக்கே வெற்றி என்று ஆக்கியது.

2022-ல் வார்டுகள் மாறினவா?

ஆம். 20 வார்டுகள் 24 ஆயின. 60 இடங்கள் 66 ஆயின. 18 வார்டுகளில் மூன்று பேர், 6 வார்டுகளில் இரண்டு பேர். 2012 ஒலிம்பிக் முடிந்தபின் ஸ்டிராட்ஃபர்டிலும், ராயல் டாக்ஸ் என்ற பழைய கப்பல்துறை ஓரத்திலும் அடுக்குமாடிகள் எழும்பி மக்கள்தொகை அங்கே குவிந்ததே முக்கியக் காரணம். புதிதாகப் பிறந்த ஸ்டிராட்ஃபர்ட் ஒலிம்பிக் பார்க் வார்டின் இரண்டு இடங்களையும் கிரீன் கட்சி வென்றது. மற்ற 64 லேபருக்கு. பழைய எல்லையில் இந்தக் குடியிருப்புகள் பெரிய வார்டு ஒன்றில் கரைந்து கிடந்தன. புதிய எல்லை அவர்களைத் தனியாகப் பிரித்தது; அந்தப் பகுதியின் குரல் அவைக்குள் போயிற்று.

இடைத்தேர்தல் எப்போது வரும்?

கவுன்சிலர் இறந்தாலோ, விலகினாலோ, தகுதி இழந்தாலோ. அவை அனுமதி இல்லாமல் ஆறு மாதம் எந்தக் கூட்டத்துக்கும் வராதவரும் பதவி இழப்பார். காலியிடம் அறிவிக்கப்பட்டபின் அந்தப் பகுதி வாக்காளர் இருவர் எழுதிக் கேட்டால், 35 வேலைநாட்களுக்குள் தேர்தல் நடத்த வேண்டும். அடுத்த கவுன்சில் பொதுத்தேர்தலுக்கு ஆறு மாதத்துக்குள் காலியானால் இடம் அப்படியே கிடக்கும்.

வாக்குப்பதிவு குறைவாக இருப்பதால் இடைத்தேர்தலில் உள்ளூர்க் கோபம் நேராக வெளிப்படும். 2023 ஜூலையில் போலின் வார்டிலும் நவம்பரில் பிளேஸ்டோ நார்த் வார்டிலும் சுயேச்சைகள் லேபரைத் தோற்கடித்தார்கள்.

இலங்கை, இந்தியக் குடியுரிமை உள்ளவர்கள் வாக்களிக்கலாமா?

வாக்களிக்கலாம். இரண்டும் காமன்வெல்த் நாடுகள். 18 வயதும், இங்கிலாந்தில் தங்குவதற்கான செல்லத்தக்க அனுமதியும் இருந்தால் போதும். நிரந்தர வதிவிட உரிமை தேவையில்லை. மாணவர் விசாவில் இருப்பவரும் பதியலாம். இதைத் தெரியாமலே பல ஆண்டுகள் வாக்கை விட்டவர்கள் நம்மிடையே மிகுதி. வாக்குப்பதிவுக்கு 12 வேலைநாட்களுக்கு முன் பதிய வேண்டும். அஞ்சல் வாக்கு வேண்டுமானால் 11 வேலைநாட்களுக்கு முன், மாலை 5 மணிக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வாக்குச்சாவடி காலை 7 முதல் இரவு 10 வரை.

2023 மே முதல் படத்துடன் கூடிய அடையாள ஆவணம் கட்டாயம். இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டு செல்லும்; காலாவதியானாலும் முகம் அடையாளம் தெரிந்தால் ஏற்பார்கள். எதுவும் இல்லாதவர் இலவச வாக்காளர் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம்.

தேர்தலில் நிற்க என்ன வேண்டும்?

இங்கே விதி சற்று இறுக்கம். காமன்வெல்த் குடியுரிமை உள்ளவர் கவுன்சிலராக நிற்க, காலவரம்பில்லாத வதிவிட உரிமை வேண்டும். பரோவில் வாக்காளராகப் பதிந்திருக்க வேண்டும். அல்லது கடந்த 12 மாதமும் அங்கே வசித்தோ, முதன்மையாக வேலை பார்த்தோ, இடம் வைத்திருந்தோ இருக்க வேண்டும். அந்தக் கவுன்சிலில் சம்பளம் வாங்குபவர் நிற்க முடியாது.

வேட்புமனுவுக்கு முன்பு பத்துக் கையெழுத்து. இப்போது முன்மொழிபவர், வழிமொழிபவர் இருவர் போதும். கவுன்சிலர் தேர்தலில் டெபாசிட் கிடையாது. மேயருக்கு 500 பவுண்டு டெபாசிட்டும் 30 கையெழுத்தும் வேண்டும். மனு வாக்குப்பதிவுக்கு 19 வேலைநாட்களுக்கு முன், மாலை 4 மணிக்குள் போய்ச் சேர வேண்டும். கையெழுத்திட்டவரின் பெயர் வாக்காளர் பட்டியலில் உள்ளபடி இல்லாததும், கட்சியின் அங்கீகாரச் சான்றிதழில் உள்ள சொற்களும் மனுவில் உள்ள சொற்களும் ஒத்துப்போகாததும் கடைசி நேரத்தில் மனுவைக் கவிழ்ப்பவை. ஒரு நாள் முன்னதாகவே கொண்டுபோய்ச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய முடிவுகளைத் தேடும்போது எவற்றில் கவனம் வேண்டும்?

வாக்குச்சீட்டுகளைத் தேடாதீர்கள். ஓராண்டு முத்திரையிட்டு வைத்திருந்து அழித்துவிடுவார்கள். எஞ்சுவது தேர்தல் அலுவலரின் முடிவு அறிவிப்பும் அன்றைய செய்தித்தாளும் தான். நியூஹாம் ஆவணக் காப்பகத்தில் தொடங்குவது நல்லது.

வார்டின் பெயர் ஒன்றாக இருந்தாலே பகுதியும் ஒன்றென்று எண்ணிவிடாதீர்கள். லிட்டில் இல்ஃபர்ட், பெக்டன், வால் எண்ட் போன்ற பெயர்கள் மறுவரையறைகளைத் தாண்டியும் வந்தவை, எல்லைக்கோடு நகர்ந்திருக்கலாம். 2018-க்கும் 2022-க்கும் இடையே ஒரு வார்டில் ஒரு கட்சியின் வாக்கு பாதியானால், முதலில் இரண்டு வரைபடங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள், பிறகு அந்த வார்டின் இடங்கள் மூன்றா இரண்டா என்று பாருங்கள். அதன்பிறகும் வேறுபாடு நின்றால் மட்டும் அரசியல் காரணத்தைத் தேடுங்கள்.